மூக்கு–சைனஸில் வரும் 'ஸ்னக்' புற்றுநோய்: கத்தி முதலிலா, கீமோ முதலிலா?

உங்கள் கேள்வியைச் சுருக்கி எழுதிவிட்டுப் பதிலுக்கு வருகிறேன். மர அறைகலன் பட்டறை நடத்தும் உங்கள் அண்ணனுக்கு வயது 47. மூன்று மாதமாக வலப்பக்க மூக்கு மட்டும் அடைத்திருந்தது, இரத்தம் கலந்த சளி வந்தது, சைனஸ் என்று மருந்து கொடுத்தார்கள். இப்போது பயாப்சியில் 'ஸ்னக்' என்று சுருக்கமாகச் சொல்லப்படும் வேறுபாடற்ற கார்சினோமா என்று முடிவு வந்திருக்கிறது. கட்டி கண்குழியின் உட்சுவரை அரித்து, மூளையின் அடித்தள எலும்பைத் தொட்டு நிற்கிறது. ஒரு மருத்துவமனை அடுத்த வாரமே அறுவை செய்யலாம், கண்ணையும் எடுக்க நேரலாம் என்கிறது; இன்னொரு மருத்துவமனை முதலில் கீமோ கொடுத்துப் பார்த்துவிட்டுத்தான் மற்றது என்கிறது. கீமோ முதலில் என்றால் கைவிட்டுவிட்டார்கள் என்று பொருளா, காலத்தைக் கடத்துகிறார்களா, மரத்தூள்தான் காரணமா என்பவை உங்கள் மூன்று கேள்விகள்.

கைவிடுதல் அல்ல. காலம் கடத்துவதும் அல்ல. பயாப்சி முடிவு சரியாக இருக்குமானால், இன்றைய நிலையில் முதலில் கீமோ என்பதே பெரும்பாலான அனுபவமுள்ள மையங்கள் எடுக்கும் வழி. 'சரியாக இருக்குமானால்' என்ற அந்த நிபந்தனையைத்தான் நான் அதிகம் விளக்க விரும்புகிறேன். தலை, கழுத்துப் பகுதிக் கட்டிகளின் ஸ்லைடுகளை நுண்ணோக்கியில் பார்ப்பதே என் வேலை. இந்தக் குறிப்பிட்ட நோயில், கட்டிக்கு வைக்கப்படும் பெயர்தான் சிகிச்சையின் வரிசையையே தீர்மானிக்கிறது.

மூக்கின் உட்பகுதியிலும் அதைச் சுற்றியுள்ள சைனஸ் அறைகளிலும் வரும் புற்றுநோய்கள், தலை–கழுத்துப் புற்றுநோய்களில் நூற்றுக்கு மூன்று முதல் ஐந்து வரைதான். ஆண்டுக்கு இலட்சம் பேரில் ஒருவருக்கும் குறைவாகவே வருகிறது. வாய்ப் புற்றுநோய் நாள்தோறும் வரும் நம் நாட்டு மருத்துவமனைகளில்கூட இது அரிது. ஆனால் இந்தச் சிறிய இடத்தில் பிறக்கும் கட்டிகளின் வகைகளோ ஏராளம். செதில் உயிரணுப் புற்றுநோய், சுரப்பிப் புற்றுநோய், நுகர்நரம்பின் மேற்பரப்பிலிருந்து எழும் எஸ்தீசியோநியூரோபிளாஸ்டோமா, சளிச்சவ்வு மெலனோமா, லிம்போமா, சார்கோமா என்று ஒரு நீண்ட வரிசையே உண்டு. வெளியிலிருந்து எண்டோஸ்கோப்பில் பார்த்தால் இவற்றில் பலவும் ஒன்றுபோலவே, இரத்தம் கசியும் ஒரு சதைத் திரளாகத் தெரியும். நடத்தையில் அவை ஒன்றுக்கொன்று தொடர்பே இல்லாதவை.

'ஸ்னக்' என்ற பெயர் 1986இல்தான் வந்தது. அமெரிக்காவின் வர்ஜீனியா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஃப்ரையர்சனும் உடன் பணியாற்றியவர்களும் ஒரு சிறு நோயாளிக் கூட்டத்தை ஆராய்ந்து, இது எஸ்தீசியோநியூரோபிளாஸ்டோமா அல்ல, அதைவிடப் பன்மடங்கு வேகமாகப் பரவும் தனி நோய் என்று எடுத்துக்காட்டினார்கள். செதில் உயிரணு என்றோ சுரப்பி என்றோ அடையாளம் சொல்ல முடியாதபடி உயிரணுக்கள் தங்கள் முகத்தை இழந்திருப்பதால் 'வேறுபாடற்ற' என்ற சொல் அதில் ஒட்டிக்கொண்டது. வலி அதிகம் தராமல் வேகமாக வளர்வதால், நோயாளி முதன்முதலில் வரும்போதே கண்குழியையோ மூளை அடித்தளத்தையோ எட்டியிருப்பதுதான் வழக்கம். ஆகவே உங்கள் அண்ணன் தாமதித்துவிட்டார் என்று அவரையோ உங்களையோ நொந்துகொள்ள வேண்டாம். ஒருபக்க மூக்கடைப்பு, ஒருபக்க இரத்தக் கசிவு இரண்டும் சில வாரங்களுக்கு மேல் நீடித்தால் எண்டோஸ்கோப்பில் பார்த்தே ஆகவேண்டும் என்பதை மருத்துவர்கள்தான் மறக்கக் கூடாது.

பழைய வழி என்னவாக இருந்தது என்று தெரிந்தால், உங்களுக்குக் கிடைத்த இரண்டு ஆலோசனைகளும் எங்கிருந்து வருகின்றன என்பது புரியும். 1963இல் அமெரிக்கத் தேசியப் புற்றுநோய் நிலையத்தைச் சேர்ந்த ஆல்ஃபிரட் கெச்சமும் அவருடன் பணியாற்றிய நரம்பியல் அறுவை நிபுணர்களும், முகத்தின் வழியாக ஒரு குழு, மண்டையோட்டைத் திறந்து மேலிருந்து இன்னொரு குழு என இரு பக்கமும் நெருங்கி, கட்டியை அடித்தள எலும்போடு ஒரே துண்டாக எடுக்கும் முறையை வெளியிட்டார்கள். அதுவரை 'கைவைக்க முடியாது' என்று அனுப்பப்பட்டவர்களில் பலர் அதனால் பிழைத்தார்கள். அந்தப் பெருமை அந்த அறுவைக்கு உண்டு. ஆனால் அதன் விலை பெரிது. பல நாடுகளின் 17 மையங்களில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட நோயாளிகளைத் தொகுத்து 2005 வாக்கில் வெளிவந்த கணக்கில், மூன்றில் ஒருவருக்கும் மேல் ஏதாவதொரு சிக்கல் நேர்ந்திருந்தது. நூற்றுக்கு நான்கைந்து பேர் அறுவையின் விளைவாகவே இறந்திருந்தார்கள். கட்டி முழுவதையும் வெட்டியெடுத்துவிட்டால் பிழைப்பார் என்ற நம்பிக்கை மெதுவாக வளரும் கட்டிகளில் பெரும்பாலும் பலித்தது. ஸ்னக்கில் அப்படிப் பலிக்கவில்லை. வெட்டிய இடம் ஆறுவதற்குள் ஓரத்தில் மீண்டும் முளைத்தது. இல்லையென்றால் எலும்பிலும் நுரையீரலிலும் தலைகாட்டியது. கண்ணை இழந்தும் நோயை வெல்ல முடியாமல் போனவர்களின் ஸ்லைடுகளை நான் பார்த்திருக்கிறேன். அந்த வருத்தம் இன்றும் எனக்குள் இருக்கிறது.

மாற்றத்தின் மையத்தில் இருப்பது ஹூஸ்டனில் உள்ள எம்.டி. ஆண்டர்சன் புற்றுநோய் மையம் 2019இல் வெளியிட்ட ஆய்வு. அதற்கு முன் எந்தச் சிகிச்சையும் பெறாத 95 ஸ்னக் நோயாளிகளுக்கு முதலில் சிஸ்பிளாட்டின் போன்ற பிளாட்டினம் மருந்தை அடிப்படையாகக் கொண்ட கீமோ கொடுக்கப்பட்டது. கட்டி அதற்கு எப்படிப் பதில் சொல்கிறது என்பதை ஸ்கேனில் பார்த்து, அதன் பிறகு சிலருக்குக் கீமோவும் கதிர்வீச்சும் சேர்ந்த சிகிச்சையும், சிலருக்கு அறுவையும் அதைத் தொடர்ந்து கதிர்வீச்சும் கொடுத்தார்கள். முடிவுகளைக் கவனியுங்கள். முதல் கட்டக் கீமோவில் கட்டி நன்கு சுருங்கியவர்களில், அடுத்து கீமோ–கதிர்வீச்சுக்குச் சென்றவர்கள் ஐந்தாண்டுக்குப் பிறகும் இந்த நோயால் இறக்காமல் இருந்த விகிதம் நூற்றுக்கு 81. அதே சுருக்கம் பெற்றும் அறுவைக்குச் சென்றவர்களில் அது 54. கட்டி சுருங்காதவர்களிடம் கணக்கு அப்படியே தலைகீழாகிறது: அறுவையும் கதிர்வீச்சும் பெற்றவர்களில் 39, கீமோ–கதிர்வீச்சை நம்பியவர்களில் பூஜ்யம்.

இந்த எண்களுக்குப் பின்னால் இருக்கும் கருத்து எளியது. முதல் கட்டக் கீமோ சிகிச்சை மட்டுமல்ல, கட்டியின் இயல்பை அறியும் சோதனையும்கூட. அந்த மருந்துக்கு உருகும் கட்டி பெரும்பாலும் கதிர்வீச்சுக்கும் உருகும். அதை வெட்டியெடுக்கப் போய் கண்ணையும் முகத்தையும் இழப்பதில் பயனில்லை. மருந்துக்கு அசையாத கட்டி கதிர்வீச்சுக்கும் அசைவதில்லை. அங்கே கத்திதான் துணை. இன்னொரு ஆதாயமும் உண்டு. இந்த நோய் உயிரைப் பறிப்பது பல நேரங்களில் தொலைவிடங்களுக்குப் பரவுவதால்தான். ஸ்கேனில் தெரியாத அந்த விதைகளை முதல் நாளிலிருந்தே தாக்கக்கூடியது இரத்தத்தில் கலந்து ஓடும் மருந்து மட்டுமே. அறுவை செய்து, காயம் ஆறி, பிறகு கீமோ என்றால் அதற்குள் ஆறு வாரம் போய்விடும்.

இந்த ஆய்வின் எல்லையையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். இது ஒரே மையத்தில், ஏறத்தாழ இருபது ஆண்டுகளில் வந்தவர்களின் பதிவேடுகளைத் திரும்பிப் பார்த்துச் செய்தது. சீட்டுக் குலுக்கிப் போட்டதுபோல நோயாளிகளை இரு பிரிவாகப் பிரித்து ஒப்பிட்ட சோதனை அல்ல. இவ்வளவு அரிய நோயில் அப்படிப்பட்ட சோதனையை நடத்துவது மிகக் கடினம். எனவே 81, 54 என்பவற்றை உங்கள் அண்ணனின் தலையெழுத்தாக வாசிக்கக் கூடாது. எந்தத் திசையில் செல்லவேண்டும் என்பதைக் காட்டும் கைகாட்டியாக வாசிக்கலாம். இருந்தும் அந்தத் திசையை நான் நம்புகிறேன். உடலில் கத்தி படுவதற்கு முன் கட்டியின் இயல்பை அறிந்துகொள்ள வாய்ப்பு இருக்கும்போது அதை விட்டுவிடுவதற்கு எனக்கு நியாயம் தெரியவில்லை.

இனி நான் முன்பு சொன்ன நிபந்தனைக்கு வருகிறேன். ஸ்னக் என்பது மற்ற எல்லாவற்றையும் விலக்கிய பிறகு மிச்சமாக வைக்கப்படும் பெயர். முன்பு அந்தப் பெயரின் கீழ் அடைக்கப்பட்ட பல கட்டிகள் இன்று தனித்தனியாகப் பிரிந்துவிட்டன. 15ஆம், 19ஆம் குரோமோசோம்கள் இடம் மாறி ஒட்டிக்கொள்வதால் உண்டாகும் 'நட்' கார்சினோமா இளவயதினரையும் தாக்கும். பெரும்பாலானோருக்கு ஆயுள் மாதக் கணக்கில்தான். 2014இல் ஜெர்மனியைச் சேர்ந்த அகைமியின் குழுவும் அமெரிக்காவின் பிஷப்பின் குழுவும் தனித்தனியாக, 'ஸ்மார்க்–பி1' என்ற புரதத்தை இழந்த ஒரு வகையை அடையாளம் கண்டார்கள். 2017இல் வந்த ஆய்வுகள், ஸ்னக் என்று சொல்லப்பட்டவற்றில் கணிசமான பகுதியில் 'ஐ.டி.எச்.2' என்ற மரபணுவில் ஒரே இடத்தில் பிழை இருப்பதைக் காட்டின. ஸ்மார்க்–பி1 இழந்தவற்றைக் காட்டிலும் இவை சற்றுச் சாதுவானவை என்பதற்கு அறிகுறிகள் உள்ளன. உலகச் சுகாதார நிறுவனத்தின் கட்டி வகைப்பாடும் இந்தப் பிரிவினைகளைப் பதிப்புக்குப் பதிப்பு ஏற்றுக்கொண்டு வருகிறது.

இது வெறும் பெயர்ச் சண்டை அன்று. நுகர்நரம்பில் எழும் எஸ்தீசியோநியூரோபிளாஸ்டோமாவாக இருந்தால், கட்டியை முழுமையாக எடுத்துக் கதிர்வீச்சு கொடுப்பதுதான் முதல் வழி. பல ஆண்டுகள் நலமாக வாழ்பவர்கள் அதில் ஏராளம். ஆனால் அதில் வேகமாக வளரும் தீவிர வகையை நுண்ணோக்கியில் ஸ்னக்கிலிருந்து பிரித்தறிவது எளிதல்ல. லிம்போமாவாக இருந்தால் அறுவைக்கே இடமில்லை. மெலனோமாவாக இருந்தால் சிஸ்பிளாட்டினால் பெரிதாக ஒன்றும் நடக்காது. நரம்பின் உறையைப் பிடித்துக்கொண்டு ஊர்ந்து செல்லும் அடினாய்டு சிஸ்டிக் கார்சினோமாவிலும் அறுவையே முதலில். ஆகவே மூக்குப் புற்றுநோய்க்கு இனி அறுவை வேண்டாம், கீமோ போதும் என்று யாராவது பொதுவாகச் சொன்னால் நம்பாதீர்கள். இந்த வரிசை மாற்றம் ஸ்னக், நரம்பு–நாளமில்லாச் சுரப்பி வகைக் கார்சினோமா போன்ற ஒரு சிலவற்றுக்கு மட்டுமே இவ்வளவு உறுதியாகப் பொருந்தும். மிகவும் முற்றிய செதில் உயிரணுப் புற்றுநோயிலும் முதல் கட்டக் கீமோவால் கண்ணைக் காப்பாற்ற முடியுமா என்பது இப்போது ஆராயப்பட்டு வருகிறது.

எனவே நீங்கள் இந்த வாரம் செய்ய வேண்டிய முதல் காரியம், பயாப்சி செய்த ஆய்வகத்திலிருந்து, கட்டித் துண்டைப் பதித்துவைத்த மெழுகுப் பிளாக்குகளையும் ஸ்லைடுகளையும் வாங்கி, தலை–கழுத்துக் கட்டிகளை அதிகம் பார்க்கும் ஒரு நோயியல் துறைக்கு மறுபார்வைக்குக் கொடுப்பது. அவை நோயாளிக்கு உரியவை. கேட்கத் தயங்க வேண்டாம். அறிக்கைத் தாளை மட்டும் எடுத்துச் சென்றால் போதாது, பிளாக் இருந்தால்தான் கூடுதல் நிறமேற்றச் சோதனைகளைச் செய்ய முடியும். ஸ்மார்க்–பி1, 'நட்' ஆகிய இரண்டுக்கும் ஐ.எச்.சி. என்ற அந்த நிறமேற்றச் சோதனையைச் செய்தார்களா என்று கேளுங்கள். பெரும்பாலும் சில நாட்களில் முடிவு வந்துவிடும். அந்தச் சில நாட்களில் பெட் ஸ்கேன், எம்.ஆர்.ஐ., சிறுநீரகச் சோதனை, கேள்திறன் சோதனை, பல் பரிசோதனை எல்லாவற்றையும் முடித்துவிடலாம் என்பதால் நேரமும் வீணாகாது. ஒன்றை மட்டும் மனத்தில் வையுங்கள்: பார்வை மங்கத் தொடங்கினாலோ, பொருள்கள் இரண்டிரண்டாகத் தெரியத் தொடங்கினாலோ மறுபார்வைக்காகக் காத்திருக்க வேண்டாம், அன்றே மருத்துவமனைக்குச் செல்லுங்கள்.

அறுவையே தேவைப்படும் நிலை வந்தாலும், 1963இன் அறுவை இன்று அப்படியே இல்லை. 1990களிலிருந்து எண்டோஸ்கோப் வழியாக, முகத்தில் ஒரு கீறல்கூட இல்லாமல் மூளை அடித்தளம் வரை செல்லும் முறை வளர்ந்திருக்கிறது. கட்டியோடு மூளையின் உறையையும் எடுத்த பிறகு, அந்த ஓட்டையின் வழியே மூளைத் தண்டுவட நீர் கசிவதுதான் அதில் பெரிய தொல்லையாக இருந்தது. அர்ஜென்டினாவின் ரொசாரியோ நகரத்து ஹதாத், பசகாஸ்தேகி ஆகிய இருவரும் வகுத்த ஒரு முறை 2006இல் வெளிவந்தது: மூக்கின் நடுச்சுவரில் உள்ள சவ்வை, அதன் இரத்தக்குழாயோடு சேர்த்து மடக்கி எடுத்து அந்த ஓட்டையை மூடுவது. நோயாளியின் மூக்கிலேயே இருக்கும் ஒரு துண்டுச் சவ்வு அந்தக் கசிவை வெகுவாகக் குறைத்துவிட்டது. ஆனால் அந்த நடுச்சுவரிலேயே கட்டி பரவியிருந்தால் அந்தச் சவ்வைப் பயன்படுத்த முடியாது, தொடையிலிருந்தோ தலையோட்டுத் தோலின் அடியிலிருந்தோ வேறு சவ்வை எடுக்க வேண்டியிருக்கும்.

கண்ணைப் பற்றித்தான் நீங்கள் அதிகம் அஞ்சுகிறீர்கள் என்பது உங்கள் எழுத்திலேயே தெரிகிறது. கட்டி கண்குழியின் எலும்பைத் தொட்டாலே கண்ணை எடுத்துவிடுவது ஒரு காலத்தின் வழக்கம். இன்று எலும்புக்கு உட்புறமாக, கண்குழியின் கொழுப்பைச் சுற்றியிருக்கும் உறை தாண்டப்படாமல் இருந்தால் கண்ணைக் காப்பாற்றுவதே பொதுவான முடிவு. உங்கள் அண்ணனுக்கு எலும்பு அரிக்கப்பட்டிருக்கிறது என்று எழுதியிருக்கிறீர்கள். உறை தாண்டப்பட்டதா என்பதை எம்.ஆர்.ஐ.யைப் பார்க்கும் கதிரியக்க நிபுணரிடம் இதே சொற்களில் கேளுங்கள். உறையே தாண்டப்பட்டிருந்தாலும், கீமோவுக்குக் கட்டி சுருங்கினால் கண் தப்ப வாய்ப்புண்டு.

கதிர்வீச்சும் மாறியிருக்கிறது. ஸ்னக்கை ஒழிக்க 66 முதல் 70 கிரே (கதிரை அளக்கும் அலகு) வரையிலான கதிர் தேவை. அதை ஆறேழு வாரங்களில் தவணை தவணையாகக் கொடுப்பார்கள். பார்வை நரம்பு தாங்கக்கூடியதோ 54, 55 கிரே. இரண்டுக்கும் இடையே சில இடங்களில் மில்லிமீட்டர்களே இடைவெளி. பழைய கருவிகளின் காலத்தில் நோய் தீர்ந்தும் பார்வை போனவர்கள் இருந்தார்கள். கதிரின் அளவைச் சிறுசிறு பகுதிகளாகச் செதுக்கிக் கொடுக்கும் ஐ.எம்.ஆர்.டி. முறை அந்த இழப்பைப் பெரிதும் குறைத்தது. புரோட்டான் கதிர் குறிப்பிட்ட ஆழத்தில் தன் ஆற்றலில் பெரும்பகுதியை இறக்கிவிட்டு நின்றுவிடுவதால், மூளைக்கும் மறுபக்கக் கண்ணுக்கும் போகும் கதிரை மேலும் குறைக்க முடியும். சென்னையில் தரமணியில் உள்ள அப்போலோ மையத்தில் 2019இலிருந்து இந்த வசதி இருக்கிறது; நவி மும்பையின் கார்கரில் டாட்டா நினைவு மையமும் பின்னர் தொடங்கியிருக்கிறது. ஆனால் செலவு மிகப் பெரிது. நல்ல ஐ.எம்.ஆர்.டி. திட்டத்தைப் போடும் அனுபவமுள்ள மருத்துவரும் இயற்பியலாளரும் அருகில் இருக்கும்போது, புரோட்டானுக்குப் பணம் திரட்டுவதற்காகச் சிகிச்சையை மாதக்கணக்கில் தள்ளிப்போடுவதை நான் ஒருபோதும் ஆதரிக்க மாட்டேன். இரண்டு திட்டங்களையும் கணினியில் போட்டு, பார்வை நரம்புக்கு எவ்வளவு செல்கிறது என்று ஒப்பிட்டுக் காட்டும்படி கேட்பதில் தவறில்லை.

மரத்தூள் பற்றிய கேள்விக்கு நீங்கள் எதிர்பார்க்கும் அளவு உறுதியான பதில் இல்லை. இங்கிலாந்தின் ஹை வைக்கம் பகுதி நாற்காலித் தொழிலுக்குப் பெயர்பெற்றது. அங்கே காது–மூக்கு–தொண்டை அறுவை நிபுணராக இருந்த எஸ்மே ஹேட்ஃபீல்ட், தம்மிடம் வரும் மூக்குப் புற்றுநோயாளிகளில் பலர் மரவேலை செய்பவர்கள் என்பதை 1960களில் கவனித்தார். அவரும் உடன் ஆராய்ந்தவர்களும் காட்டிய தொடர்பு பின்னர் பல நாடுகளிலும் உறுதிப்பட்டது. பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை 1995இல் மரத்தூளை மனிதரில் புற்றுநோய் உண்டாக்கும் பொருள் என்று அறிவித்தது. ஆனால் அந்தத் தொடர்பு மிக வலுவாக இருப்பது சுரப்பிப் புற்றுநோயோடுதான். ஸ்னக்கோடு அவ்வளவு தெளிவான தொடர்பு நிறுவப்படவில்லை. அண்ணனின் நோய்க்கு அவர் தொழிலைக் குற்றவாளியாக்க வேண்டியதில்லை. ஆயினும் பட்டறையில் வேலை செய்யும் மற்றவர்களுக்குத் தூள் உறிஞ்சும் கருவியும் முகக்கவசமும் இன்றே ஏற்பாடு செய்யுங்கள். அவர்களில் யாருக்காவது ஒருபக்க மூக்கடைப்பு இருந்தால் உடனே காட்டச் சொல்லுங்கள்.

முதல் கட்டக் கீமோ எப்படி நடக்கும் என்பதையும் சொல்லிவிடுகிறேன். சிஸ்பிளாட்டினோடு எட்டோபோசைடோ டோசிடாக்செலோ சேர்த்து, மூன்று வாரத்துக்கு ஒரு சுற்று வீதம் இரண்டு அல்லது மூன்று சுற்றுகள் கொடுப்பது வழக்கம். சிஸ்பிளாட்டின் சிறுநீரகத்தையும் செவியையும் பாதிக்கக்கூடியது என்பதால்தான் முன்பே அந்தச் சோதனைகளைச் செய்யச் சொன்னேன். சொத்தைப் பற்கள் இருந்தால் கதிர்வீச்சு தொடங்கும் முன்பே எடுத்துவிட வேண்டும். பின்னால் எடுத்தால் தாடை எலும்பு ஆறாமல் போகலாம். இனிக் குழந்தை வேண்டும் என்ற எண்ணம் அவருக்கு இருக்குமானால், முதல் சுற்றுக்கு முன்பே விந்தணுவைச் சேமித்துவைப்பது பற்றி மருத்துவரிடம் பேச வேண்டும். நம் ஊரில் கூச்சத்தால் இதை யாரும் கேட்பதில்லை, மருத்துவர்களும் அவசரத்தில் சொல்வதில்லை.

இந்த வழியின் உயிர்நாடி இடையில் எடுக்கும் ஸ்கேன். ஓரிரு சுற்றுக்குப் பிறகு எம்.ஆர்.ஐ. எடுத்து முதல் படத்தோடு ஒப்பிடாமல் மூன்றாவது, நான்காவது என்று கீமோவை நீட்டிக்கொண்டே போனால், நீங்கள் அஞ்சும் காலக்கடத்தல் அப்போதுதான் உண்மையிலேயே நேரும். ஆகவே இரண்டாவது மருத்துவமனையிடம் மூன்றைக் கேளுங்கள். எத்தனையாவது சுற்றுக்குப் பின் ஸ்கேன்? எவ்வளவு சுருங்கினால் கதிர்வீச்சு, சுருங்காவிட்டால் யார் அறுவை செய்வார்? அந்த அறுவை நிபுணர் இன்றே அண்ணனைப் பார்த்துப் படங்களைத் தம்மிடம் வைத்துக்கொள்வாரா? அறுவை நிபுணர், கீமோ மருத்துவர், கதிர்வீச்சு மருத்துவர், நோயியல் நிபுணர், கதிரியக்க நிபுணர் எல்லாரும் ஒன்றாக அமர்ந்து பேசும் டியூமர் போர்டு உள்ள இடமாக இருந்தால், இந்தக் கேள்விகளுக்கான விடை முதல் நாளிலேயே எழுத்தில் கிடைத்துவிடும்.

முதல் மருத்துவமனையின் மேல் கோபம் கொள்ளாதீர்கள். அவர்கள் சொன்னது பல பத்தாண்டுகள் பாடநூலாக இருந்த வழி. அந்த அறுவையைச் செய்யும் திறமை உள்ளவர்கள் குறைவு, கட்டி சுருங்காமல் போனால் அதே கைகள் உங்கள் அண்ணனுக்குத் தேவைப்படலாம். பிளாக் மறுபார்வை முடிவு வந்ததும், அதில் ஸ்மார்க்–பி1, 'நட்' பற்றி என்ன எழுதியிருக்கிறது என்பதையும், எம்.ஆர்.ஐ. அறிக்கையில் கண்குழி உறை பற்றிய வரியையும் எனக்கு அனுப்புங்கள். அதைப் பார்த்துவிட்டு அடுத்ததைச் சொல்கிறேன்.